திம்மக்காவுக்கு 114 வயது என்பதை எப்படி உறுதி செய்வது?

2025 நவம்பர் 14 அன்று பெங்களூரு ஜெயநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், சாலையோரம் ஆலமரங்களை நட்டு வளர்த்த 'சாலுமரத' திம்மக்கா காலமானார். அவர் பிறந்த நாளாகப் பொதுவெளியில் பதிவாகியிருப்பது 1911 ஜூன் 30. கணக்குப் பார்த்தால் 114 ஆண்டுகளும் 137 நாட்களும் வாழ்ந்திருக்கிறார்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள பெங்களூருத் தமிழர்களான நம்மவர்களிடையே ஒரே மாதிரியான கேள்விகள் எழுகின்றன. உலகத்திலேயே வயதானவர் இவர்தானா? அப்படியானால் கின்னஸில் ஏன் பெயர் இல்லை? பெயர் இல்லையென்றால் வயது பொய்யா?

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். இல்லை. அவர் மறைந்த நாளில் உறுதி செய்யப்பட்ட வயதில் உலகின் மூத்தவராக இருந்தவர் இங்கிலாந்தின் எத்தல் கேட்டர்ஹம். 1909 ஆகஸ்ட் 21-ல் பிறந்த அவருக்கு அப்போது 116 வயது. திம்மக்காவின் பிறந்த நாளை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அவர் பட்டியலின் முன்வரிசையில் இருந்திருப்பார், முதலிடத்தில் இருந்திருக்க மாட்டார். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் விளக்கம் தேவை.

யார் இந்தத் திம்மக்கா?

துமகூரு மாவட்டம் குப்பி தாலுகாவில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கல்குவாரியில் கூலி வேலை செய்தார். மாகடி தாலுகா ஹுலிகல் கிராமத்தைச் சேர்ந்த சிக்கய்யாவுக்கு வாழ்க்கைப்பட்டார். பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. கணவனும் மனைவியுமாக ஊருக்குப் பக்கத்துச் சாலையோரத்தில் ஆலங்கன்றுகள் நடத் தொடங்கினார்கள். முதல் வருடம் 10 கன்று, அடுத்த வருடம் 15, அதற்கடுத்த வருடம் 20.

நட்டுவிட்டு விட்டுவிடவில்லை. மழைக்காலம் பார்த்து நட்டார்கள். மழை நின்ற பிறகு குடங்களில் தண்ணீர் சுமந்து, கிலோமீட்டர் கணக்கில் நடந்து போய் ஊற்றினார்கள். ஆடு மாடு கடிக்காமல் இருக்க ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் முள் வெட்டி அடைத்தார்கள். கூலிக்குப் போகாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இல்லை என்ற நிலையில் இருந்தவர்கள் செய்த வேலை இது. ஹுலிகலுக்கும் குதூருக்கும் இடையே சுமார் நாலரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு 385 ஆலமரங்கள் எழுந்தன. 'சாலுமரத' என்றால் 'மரவரிசையின்' என்று பொருள். ஊர் அவருக்குக் கொடுத்த பட்டம் அது.

1991-ல் சிக்கய்யா இறந்தார். 1995-ல் திம்மக்காவுக்குத் தேசிய குடிமக்கள் விருது கிடைத்தது, 2019-ல் பத்மஸ்ரீ. விருது வாங்க மேடை ஏறியவர் அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தின் தலையைத் தொட்டு ஆசீர்வதித்த காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு சாலை விரிவாக்கத்துக்காக இந்த மரங்களை வெட்டும் அபாயம் வந்தபோது, அவற்றைக் காப்பாற்றும்படி மாநில முதல்வரிடமே முறையிட்டார்.

இந்த வாழ்க்கைக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விருதுகளுக்குத்தான் தேதி இருக்கிறது. பிறப்பு, திருமணம், முதல் கன்று நட்ட நாள் ஆகிய எதற்கும் அந்தந்தக் காலத்திலேயே எழுதிவைத்த காகிதம் என்று ஒன்று நம் பார்வைக்கு வந்ததில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

110-ஐத் தாண்டினால் ஏன் இவ்வளவு கெடுபிடி?

100 வயதைக் கடந்தவர் நூற்றாண்டு கண்டவர். 110-ஐக் கடந்தவர்களை மக்கள்தொகை ஆய்வாளர்கள் 'சூப்பர்சென்டினேரியன்' என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு மட்டும் ஆவணச் சரிபார்ப்பு மிகக் கடுமையாக நடக்கிறது. காரணம் கணக்கில் இருக்கிறது.

நடுவயதுக்குப் பிறகு, ஒருவர் அடுத்த ஓராண்டுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலர் 1825-ல் முன்வைத்த விதியின் சாரம் இது. 110 வயதை எட்டும்போது அந்த வாய்ப்பு பாதிக்குப் பாதி என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு பிறந்த நாளும் பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான்.

110 வயதில் 1,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 111-ல் 500 பேர் இருப்பார்கள். 112-ல் 250, 113-ல் 125, 114-ல் 62. அப்படியே போனால் 120-ஐத் தொடுபவர் ஒரே ஒருவர். எனவே 114 வயது என்பது அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. 130, 140 என்று வரும் செய்திகளை ஆவணம் கேட்காமலேயே ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

உண்மையான 114 வயதுக்காரர்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால், வயதைத் தவறாகச் சொல்பவர்கள் மிகச் சிலர் இருந்தாலே பட்டியல் கெட்டுவிடும். 70 வயதுக்காரர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் இடத்தில் நூறு பேர் வயதைக் கூட்டிச் சொன்னால் ஒன்றும் ஆகாது. 114 வயதுப் பட்டியலில் பத்துப் பேர் கூட்டிச் சொன்னால் பட்டியலே அவர்களுடையதாகிவிடும். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறை வந்ததை ஒட்டி 110 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 சதவீதம் வரை சரிந்தது என்று சால் நியூமன் என்ற ஆய்வாளர் காட்டினார். 2010-ல் ஜப்பானில், 111 வயது என்று அரசுக் கணக்கில் இருந்த டோக்கியோ முதியவர் ஒருவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குள் இறந்துபோயிருந்தது தெரியவந்தது. அதைத் தொடர்ந்து குடும்பப் பதிவேடுகளைச் சோதித்தபோது, 100 வயதைத் தாண்டியவர்களாகக் காகிதத்தில் மட்டும் இருந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். பதிவேடு ஒழுங்காக இருக்கும் நாட்டின் நிலையே இது.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது?

உலகில் மிக நீண்ட காலம் வாழ்ந்ததாக உறுதி செய்யப்பட்டவர் பிரான்ஸின் ஆர்ல் நகரத்து ழான் கல்மான். 1875 பிப்ரவரி 21-ல் பிறந்து 1997 ஆகஸ்ட் 4-ல் இறந்தார். 122 ஆண்டுகள், 164 நாட்கள். அவருக்கு 90 வயதானபோது ஒருவர், அவர் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம் கொடுத்துவிட்டு அவர் இறந்த பிறகு வீட்டை எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் போட்டார். முப்பது வருடம் பணம் கட்டிய அவர் கல்மானுக்கு முன்பே இறந்தார்.

கல்மானின் வயதை ஏற்றுக்கொள்ளப் பார்த்தவற்றை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். யாருடைய வயதை ஆராய்ந்தாலும் இதே அடுக்குகள்தான்.

1. பிறந்தபோதே எழுதியது. நகராட்சிப் பிறப்புப் பதிவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு போன்றவை. இந்த அடுக்குக்கு மதிப்பு அதிகம். பிறந்த குழந்தைக்கு நூறு வருடம் கழித்து விருது வரும் என்று யாரும் அன்றைக்குப் பொய்யாக எழுதப் போவதில்லை.

2. நடுவயதில் எழுதியது. திருமணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள், வேலையில் சேர்ந்த பதிவு, குழந்தைகளின் பிறப்புப் பதிவில் தாயின் வயது.

3. முதுமையில் எழுதியது. அடையாள அட்டை, பாஸ்போர்ட், ஓய்வூதியப் புத்தகம். இவை பெரும்பாலும் அவரோ குடும்பமோ சொன்னதைக் கேட்டு எழுதியவை. அதனால் சான்றாக இவற்றின் எடை குறைவு.

மூன்று அடுக்கும் ஒத்துப்போனால் மட்டும் போதாது. 1875-ல் பிறந்ததாக எழுதப்பட்ட குழந்தையும் 1997-ல் இறந்த மூதாட்டியும் ஒரே ஆள்தான் என்பதையும் காட்ட வேண்டும். கல்மான் விஷயத்தில் கேள்வி எழுந்ததும் இந்த இடத்தில்தான். 1934-ல் இறந்தது மகள் இவோன் இல்லை, தாய்தான், வாரிசு வரியைத் தவிர்க்க மகளே தாயின் பெயரில் வாழ்ந்தாள் என்று 2018-ல் ரஷ்ய ஆய்வாளர்கள் இருவர் வாதிட்டார்கள். வயதை முதலில் சரிபார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே ஆவணங்களோடு மறுப்பு வெளியிட்டார்கள். கல்மானின் சாதனை இன்றும் நிற்கிறது.

ஆள் மாறாட்டத்துக்குப் பொய் நோக்கம் இருக்கவேண்டியதில்லை. ஜப்பானின் ஷிகெசியோ இசுமி 120 வருடம் வாழ்ந்ததாகக் கின்னஸ் ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னர் அதை விலக்கிக்கொண்டது. சிறுவயதில் இறந்த அண்ணனின் பெயரே தம்பிக்கும் வைக்கப்பட்டதால் அண்ணனின் பிறப்புப் பதிவு தம்பி கணக்கில் ஏறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

நம் வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். சின்னசாமியின் மகன் முனுசாமி. அவருடைய மகனுக்குத் தாத்தா பெயரான சின்னசாமி. அந்தச் சின்னசாமியின் மகனுக்கு மறுபடியும் முனுசாமி. பதிவேட்டில் 'முனுசாமி, த/பெ சின்னசாமி' என்று இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். இருவருக்கும் இடையே ஐம்பது வருட இடைவெளி. குடும்பப் பெயர் எழுதாத சமூகத்தில், தாயின் பெயரும் வீட்டு முகவரியும் பக்கத்தில் இல்லாவிட்டால் எந்த முனுசாமி என்று பிரித்தறிய வழியே இல்லை.

ஒரே தாலுகா, இரண்டு வாழ்க்கை

திம்மக்கா வாழ்ந்த அதே மாகடி தாலுகாவில், வீராபுரா கிராமத்தில் பிறந்தவர் துமகூரு சித்தகங்கா மடத்தின் சிவகுமார சுவாமிகள். அவர் பிறந்தது 1907 ஏப்ரல் 1. மறைந்தது 2019 ஜனவரி 21. வயது 111. ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் இடமும் கல்வியும் கொடுத்த மடத்தின் தலைவர். 'நடமாடும் தெய்வம்' என்று கர்நாடகம் கொண்டாடிய மனிதர்.

அவருக்கும் பிறந்தபோது கொடுத்த சான்றிதழ் என்று பேசப்படுவதில்லை. ஆனால் நடுவயது அடுக்கு பலமாக இருக்கிறது. 1926-ல் மெட்ரிகுலேஷன் முடித்தார். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் படித்தார். 1930-ல் துறவு பூண்டார். 1907 பிறப்பு என்றால் மெட்ரிகுலேஷன் சுமார் 19 வயதில், துறவு 22 வயதில். இடறல் இல்லாமல் பொருந்துகிறது. பத்து வருடம் கூட்டிச் சொல்லியிருந்தால் சுமார் 29 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்ததாக வரும், உடனே கண்ணில் படும்.

திம்மக்காவுக்கு இந்தச் சோதனையைச் செய்து பார்க்கவே வழியில்லை. பள்ளியில் பெயர் இல்லை. கல்லூரி இல்லை. பிரசவம் இல்லாததால் குழந்தைகளின் வயதை வைத்துத் தாயின் வயதைக் கணிக்கவும் முடியாது. குவாரிக் கூலிக்கு வேலைப் பதிவேடு யார் வைத்தார்கள்?

ஒரு வயதை நிரூபிக்க முடிகிறதா என்பது அவர் எத்தனை வருடம் வாழ்ந்தார் என்பதைவிட, அவர் ஆணா பெண்ணா, பள்ளி சென்றாரா, சொத்து இருந்ததா என்பதையே அதிகம் பொறுத்திருக்கிறது. கின்னஸ் பட்டியலில் ஜப்பானும் பிரான்ஸும் இங்கிலாந்தும் நிரம்பி வழிவதற்கு அங்கே உள்ள உணவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஆகவே, பட்டியலில் பெயர் இல்லை என்பதற்கு 'நிரூபிக்கப்படவில்லை' என்று மட்டும்தான் பொருள். 'பொய்' என்று படிப்பவர் திம்மக்காவுக்கு அநியாயம் செய்கிறார். ஆதாரமில்லாமல் 'உலக சாதனை' என்று எழுதுபவரும் அவருக்கு நன்மை செய்யவில்லை.

1911-ல் இங்கே வயதை எப்படிக் கணக்கு வைத்தார்கள்?

அன்றைய பெங்களூரு ஒரே ஊர் கிடையாது. பேட்டைப் பகுதி மைசூர் சமஸ்தானத்தின் கீழ். அல்சூர், சிவாஜிநகர் உள்ளிட்ட கன்டோன்மென்ட், பழையவர்கள் வாயில் 'தண்டு', 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழ். நகராட்சிகள் வேறு, பதிவேடுகள் வேறு. 1949-ல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தண்டில் குடியேறிய தமிழர்களின் பிறப்பைத் தேடுபவர்கள் முதலில் 'எந்தப் பக்கம் பிறந்தார்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தால் பதிவு, இருந்தால், சென்னை மாகாணத்துக் கிராமத்தில் இருக்கும்.

பதிவு கிடைத்தாலும் பெயர் இருக்காது. 'பெண் குழந்தை, தகப்பன் பெயர் இன்னது' என்பதோடு வரி முடிந்துவிடும். பெயர் வைப்பது பிற்பாடு. அதைப் போய்ப் பதிவேட்டில் சேர்க்கும் வழக்கம் இல்லை. ஒரே தகப்பனுக்கு நான்கு பெண் குழந்தைகள் என்றால் நான்கு வரிகளில் எது நம் பாட்டி?

காகிதம் இல்லாத இடத்தில் நினைவு இருந்தது. "பிளேக் வந்தப்ப நான் கைக்குழந்தை" என்பார்கள். பெங்களூருவில் பிளேக் பரவியது 1898-ல். "தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம் பிறந்தவர் எங்கப்பா" என்றால் 1876-க்குப் பிறகு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதே முறையை அதிகாரப்பூர்வமாகவே பயன்படுத்துகிறார்கள். வயது தெரியாதவரிடம் ஊரறிந்த ஒரு நிகழ்வைச் சொல்லி, அதற்கு முன்பா பின்பா என்று கேட்பார்கள்.

அறுபது வருடச் சுற்றும் உதவும். 1911 ஏப்ரலில் தொடங்கிய தமிழ் வருடம் விரோதிகிருது. அதே பெயர் மறுபடி வந்தது 1971-ல். வருடப் பெயர் சரியாகத் தெரிந்தால் தவறு நேர்ந்தாலும் அறுபது வருடத் தவறாகத்தான் இருக்கும், அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஜாதகம் இன்னும் நுட்பம். சனி ராசிச் சக்கரத்தைச் சுற்ற ஏறக்குறைய முப்பது வருடம், வியாழன் பன்னிரண்டு வருடம், சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள். கட்டத்தில் இவை நிற்கும் இடங்களை வைத்துப் பிறந்த தேதியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். ஜோதிட நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வெறும் வானியல் கணக்கு. அந்த ஓலையோ நோட்டோ எப்போது எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. அறுபதாம் கல்யாணத்துக்காக எழுதிய ஜாதகம் சான்றாகாது.

நினைவு வயதில் இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அறுபது இருக்கும்", "எழுபத்தஞ்சு இருக்கும்" என்று முழு எண்ணாகச் சொல்வது. ஒரு நாட்டில் இது எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அளக்க விப்பிள் குறியீடு என்ற அளவுகோலே உண்டு. யாரும் வயதை உருட்டிச் சொல்லாவிட்டால் 100, எல்லோருமே பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் வயதைச் சொன்னால் 500. வயதானவர்களுக்கு மரியாதை கூடும் சமூகத்தில் இந்த உருட்டல் பெரும்பாலும் மேல்நோக்கியே போகிறது.

பாஸ்போர்ட் இருந்தும் ஏன் ஏற்கவில்லை?

பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங் 2011 அக்டோபரில் டொராண்டோ மாரத்தானை முழுதாக ஓடி முடித்தார். 100 வயதில் மாரத்தான் ஓடிய முதல் மனிதர் என்று உலகமே பாராட்டியது. அவரது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி 1911 ஏப்ரல் 1. நூறாவது பிறந்த நாளுக்கு பிரிட்டன் அரசியின் வாழ்த்துக் கடிதமும் வந்திருந்தது. ஆனாலும் பிறந்த காலத்துச் சான்று இல்லை என்று கின்னஸ் சாதனையை ஏற்க மறுத்துவிட்டது. மேலே சொன்ன அடுக்குகளை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். பாஸ்போர்ட்டும் வாழ்த்துக் கடிதமும் மூன்றாவது அடுக்கு.

ஆதாரும் அப்படித்தான். அது ஆளை அடையாளம் காட்டுவது, பிறந்த தேதியை நிறுவுவதற்காக வந்தது கிடையாது. ஆவணம் இல்லாமல் வயதை மட்டும் சொல்லிப் பதிந்தவர்களின் தேதி தோராயமானது. 2024 அக்டோபரில், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதுக்கு ஆதாரை எடுத்துக்கொள்ள முடியாது, பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்தப் பள்ளிச் சான்றிதழிலும் ஒரு சங்கதி உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால், தலைமை ஆசிரியரே மே மாதத்திலோ ஜூன் முதல் வாரத்திலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். நம் தாத்தாக்களில் பாதிப்பேருக்குக் கோடையிலேயே பிறந்த நாள் வருவது இதனால்தான். ஆனாலும் அந்தத் தவறு ஒன்றிரண்டு வருடத்தைத் தாண்டாது. சேர்ந்தவன் சிறுவன் என்பதை வகுப்பே பார்த்திருக்கிறது.

சாதாரணக் குடும்பத்துக்கு இதில் என்ன இருக்கிறது?

வயது இன்றைக்குப் பணமாகவும் உரிமையாகவும் மாறுகிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் 100 சதவீதம். நூறைத் தொட்டவருக்கு ஓய்வூதியம் இரட்டிப்பு. வருமான வரியில் 60-க்கு ஒரு சலுகை, 80-க்கு ஒரு சலுகை. 2024 மக்களவைத் தேர்தலில் வீட்டிலிருந்தே வாக்களிக்க வயது வரம்பு 85. ஒரு வருடப் பிழைகூட ஒருவரை வரிசையில் நிற்க வைத்துவிடும்.

வீட்டில் தொண்ணூறைத் தாண்டியவர் இருந்தால் தேட வேண்டியவை, முக்கியத்துவ வரிசையில்:

1. பிறந்த ஊரின் பிறப்புப் பதிவேட்டு நகல். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவு. அரசுப் பதிவைவிடப் பல இடங்களில் இது பழையது, பெயரோடு இருக்கும்.

2. பள்ளி டி.சி., அல்லது பள்ளியிலேயே இருக்கும் சேர்க்கைப் பதிவேடு.

3. வேலைப் பதிவு. ஆலை, ரயில்வே, தங்கவயல் சுரங்கம் எதுவானாலும் சேர்ந்தபோது எழுதிய வயது.

4. பழைய கிரயப் பத்திரம். 'வயது சுமார் 25' என்று இருக்கும். மைனர் என்று குறித்துக் கார்டியன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியில் அவர் மேஜர் ஆகவில்லை என்பதற்கு அது வலுவான சான்று.

5. கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகளின் ஆவணங்கள். மூத்த மகனுக்கு 74 என்றால் தாய்க்கு 115 என்பது, 41 வயதில் தலைப்பிள்ளை என்றாகிறது. முடியாதது இல்லை, கேட்டுப் பார்க்க வேண்டியது.

பிறந்து ஓராண்டு கழிந்த பிறகும் உரிய அதிகாரியின் ஆணையோடு பிறப்பைப் பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. ஓய்வூதியத்துக்கும் வழக்குக்கும் அது செல்லும். வயது ஆராய்ச்சிக்குச் செல்லாது, ஏனென்றால் அது எழுதப்பட்ட தேதி இன்றைய தேதி.

நாடு முழுமைக்கும் பிறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969-ல் வந்தது, 1970-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடம் பதிவான ஒரு பெண் குழந்தைக்கு 110 வயது ஆவது 2080-ல். அதுவரை இந்தியாவின் மிக மூத்தவர்களில் பெரும்பாலோர் திம்மக்காவைப் போலவே ஆவணமில்லாமல்தான் வாழ்ந்து மறைவார்கள். தண்டுப் பகுதியின் பழைய பதிவேடுகள், தேவாலயப் புத்தகங்கள், மூடிய ஆலைகளின் வேலைப் பட்டியல்கள் ஆகியவற்றை இப்போதே படமெடுத்துப் பத்திரப்படுத்தினால், அவர்களில் சிலரையாவது பெயரோடு மீட்க முடியும்.